அத்வா ஏறிய ரயில்

அத்வா ஏறினால் ரயில் நகராது, இறங்கினால் நகரும். அரசாங்கம் எங்கள் ஊர்வரை தண்டவாளம் போட்ட பிறகு வந்த இரண்டாவது பருத்தி எடுப்பின்போது இது தெரியவந்தது. எஞ்சினில் குறை ஒன்றுமில்லை. கொதிகலன் நிறைய நீராவி இருந்தது. மால்ட்டாக்காரரான ஓட்டுநர் பிடியைத் தள்ளியதும் சக்கரங்கள் சுற்றின. இருந்த இடத்திலேயே சுற்றின. தண்டவாளத்திலிருந்து தீப்பொறி பறந்தது. ரயில் ஒரு விரற்கடைகூட முன்னால் போகவில்லை. நிலைய அதிகாரி பிஷாய் எஃபெந்தி தண்டவாளத்தில் மணல் தூவச் சொன்னார், தூவினார்கள். பயணிகளை இறங்கித் தள்ளச் சொன்னார்; மூலையில் தூங்கிக்கொண்டிருந்த அத்வாவைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வெயில் ஏறிய பிறகு அவன் விழித்து, ஒன்றுக்குப் போக இறங்கி வாய்க்கால் பக்கம் ஒதுங்கினான். ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் குப்புற விழுந்தார்கள். காலிப் பெட்டிகளோடு அது தன்தா நகரத்துக்குப் போய்விட்டது. அத்வா இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டே திரும்பி வந்து, "என்னை விட்டுட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி பஹானாவும் சிரித்தாள். அவனுடைய அடுத்த முறையிலும் அப்படியே நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

முறை என்பது பயண முறை. தண்டவாளத்துக்குக் கரை போட்டது எங்கள் ஆட்கள்தான். கூலி கிடையாது, மறுத்தால் சவுக்கு. கரை முடிந்து ரயில் ஓடத் தொடங்கியதும் அதில் ஏற ஆள் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு ஊரில் வேலை ஒன்றும் இருக்கவில்லை. இருந்தவர்களிடம் கழுதை இருந்தது. அரசாங்க ரயில் காலியாகப் போவது ஆட்சியாளருக்கு அவமானம் என்று கெய்ரோவில் யாரோ நினைத்தார்கள். ஊருக்கு ஊர் பயணிகள் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாய்க்கால் தூர்வார ஆள் தருவதுபோல, பட்டாளத்துக்கு ஆள் தருவதுபோல, ரயிலில் உட்கார ஆள் தர வேண்டும். முறை வந்தவர்கள் காலையில் ஏறி தன்தாவுக்குப் போய், நிலையத்தில் நின்றுவிட்டு, பிற்பகலில் திரும்பி வந்தார்கள். வரும்போது வறுத்த கடலை வாங்கி வந்தார்கள்.

ஆனால் அரசாங்கம் கூட்டிப்போகிறவர்களை அழுது அனுப்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். வாய்க்காலுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பியதில்லை. பட்டாளத்துக்குப் போனவர்கள் திரும்பியதே இல்லை. அதனால் ரயிலுக்கும் பெண்கள் வந்தார்கள். முகத்தில் நீலம் பூசி, தலையில் சேறு அப்பி, கையில் நீலத் துணியைச் சுழற்றியபடி ரயிலுக்குப் பின்னால் கரையோடு ஓடி ஒப்பாரி வைத்தார்கள். பிற்பகலில் அதே பெண்கள் முகம் கழுவிக்கொண்டு கடலை தின்றார்கள். மறுநாள் மறுபடி நீலம் பூசினார்கள். பிஷாய் எஃபெந்தி ஒருமுறை, "சாயங்காலம் வந்துடுவாங்கன்னு தெரியுமில்ல? எதுக்கும்மா இந்தக் கூத்து?" என்று கேட்டார். "அழாம அனுப்பினா சம்மதிச்சு அனுப்பினோம்னு அரசாங்கம் எழுதிக்கும் எஃபெந்தி" என்றாள் ஒருத்தி. இப்படி நாள்தோறும் ஜனாஸாவாக, சவ ஊர்வலமாக வழியனுப்பப்பட்ட ரயில், ஒரு வருஷம் கழிந்ததும் ஜனாஸாவைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்குக்கு விருப்பு வெறுப்பு உண்டு. தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நல்லவரின் சந்தூக் லேசாக இருக்கும். சிலருடையது ஓடும், சுமப்பவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். இறைநேசர் ஒருவரைச் சுமந்து போகும்போது ஓரிடத்தில் சந்தூக் கனத்து நின்றுவிடும். எத்தனை தோள் மாறினாலும் நகராது. அவர் அங்கேயே அடங்க விரும்புகிறார் என்று பொருள். அங்கே குழி வெட்டி, மேலே குவிமாடம் கட்டுவார்கள். இரண்டாவது முறையும் ரயில் நின்றபோது, ஊரில் மையித்தை, அதாவது இறந்தவர் உடலைக் கழுவுகிறவரும் சந்தூக்கின் முன்கால் பிடிக்கிறவருமான ஜாத் கிழவர் வந்து பெட்டியின் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றினார்.

"சந்தூக் நின்னுடுச்சு. உள்ள இருக்கறவர் இங்கேயே படுக்கணும்ங்கறார்."

"நான் எங்கே படுத்தேன்? உக்காந்துதானே இருக்கேன்" என்றான் அத்வா உள்ளிருந்து.

"சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றார் ஜாத்.

அத்வா வாய்க்கால் ஓரம் செங்கல் அறுக்கிறவன். வைக்கோல் கலந்து சேறு மிதித்து, அச்சில் தட்டி, வெயிலில் காய வைத்து, சூளை போடுவான். தொழுகையைத் தவறவிடுவான், வெங்காயத்தை நிறையத் தின்பான், கடனாக வாங்கிய கோடரியைத் திருப்பித் தர மாட்டான். இறைநேசருக்கான அடையாளம் எதுவும் அவனிடம் இருந்ததில்லை. ஊர் அதையே ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டது. மறைந்து வாழும் இறைநேசர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்றார்கள். எங்கள் ஊருக்குச் சொந்தமாக ஓர் இறைநேசர் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் ஊருக்கு இருந்தார். அவருக்கு வருஷாவருஷம் மௌலிது விழா நடந்தது, சந்தை கூடியது, எங்கள் பெண்கள் பிள்ளை வரம் கேட்க அங்கே போக, அந்த ஊர்க்காரிகள் "உங்க ஊர்ல யாருமே நல்லவங்களா சாகலியா?" என்று கேட்பார்கள். ஊர்த்தலைவரான உம்தா கந்தீல் இந்தக் கேள்வியை இளம் வயதிலிருந்து மனதில் வைத்திருந்தவர். நிலையத்துக்குப் பக்கத்தில், ரயில் நின்ற இடத்துக்கு நேராக, தன் நிலத்தில் ஒரு துண்டை அவர் ஒதுக்கினார். குவிமாடத்துக்குச் செங்கல் வேண்டும். வட்டாரத்தில் நல்ல செங்கல் அத்வாவுடையது. அவனிடமே சொன்னார்கள்.

ஊர் அவனை "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்தது. பஹானா முதலில் பயந்தது அதற்குத்தான். அதுவரை அவனை "ஏலே, சேத்துக்காலா" என்று கூப்பிட்டவர்கள் எழுந்து நின்றார்கள். கோடரிக்குச் சொந்தக்காரன், "நீங்களே வச்சுக்குங்க" என்றான். வீட்டுக்கு முதலில் ரொட்டி வந்தது, பிறகு புறா, பிறகு நெய்யில் பொரித்த வாத்து. அத்வா மகிழ்ந்து தின்றான். நெசவாளி பச்சைப் பட்டுத் துணியோடு வந்து, அவன் தோளிலிருந்து பாதம்வரை பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் நீளமா இருக்கட்டும். இழுத்து மூடணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தனார் பேரீச்ச நாரில் அவன் உயரத்தை அளந்துகொண்டார். யாரும் அவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இருமினால் மட்டும் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருமல் நின்றதும் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

பெண்கள் பஹானாவிடம் தணிந்த குரலில் பேசினார்கள். கிணற்றில் அவளுக்கு முன்னால் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. "பொறுமையா இரு தங்கச்சி. அல்லாஹ் உனக்குக் கூலி தருவான்" என்றாள் ஒருத்தி. "எதுக்குப் பொறுமை? அவர் அங்க சேறு மிதிச்சுக்கிட்டு இருக்கார்" என்றாள் பஹானா. அந்தப் பெண் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். கந்தீலின் தம்பி ஒருநாள் வாசலில் நின்று, விதவைகள் காக்கும் இத்தா முடிந்த பிறகு அவளுக்கு என்ன உத்தேசம் என்று மரியாதையாகக் கேட்டான். அவள் கரண்டியை எறிந்தாள். அவன் அதைப் பொறுக்கி, துடைத்து, படியில் வைத்துவிட்டு, "துக்கத்துல இருக்காங்க" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனான். அன்று மாலை அவள் அத்வாவிடம் மெதுவாகச் செங்கல் அறுக்கச் சொன்னாள்.

"நல்ல வேலை வந்திருக்கு, மெதுவா அறுன்னா எப்படி?"

"அந்தக் குவிமாடம் முடிஞ்சா உள்ள யாரை வைப்பாங்க?"

அத்வா யோசித்தான். "யாராச்சும் சாவாங்கள்ல" என்றான். பிறகு கையிலிருந்த புறாவைத் தட்டில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் யார் வீட்டுச் சாப்பாட்டையும் தொடவில்லை. செங்கலை மெதுவாக அறுத்தான். சூளையை வேண்டுமென்றே ஈரமாக மூட்டினான். ஊர் பொறுமையாகக் காத்திருந்தது. கல் உடைந்தால், "பரவாயில்ல, அவசரமில்ல. நீங்க நிதானமா பண்ணுங்க" என்றது.

அவசரம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. முறை சுற்றி வரும்போதெல்லாம் ரயில் நின்றதால், துருக்கி பேசும் வட்டார அதிகாரி குதிரையில் வந்தார். அவருக்கு இறைநேசர் விவகாரத்தில் அக்கறை இல்லை. அரசாங்க ரயிலை ஒருவன் நிறுத்துகிறான் என்றால் அது கலகம். அத்வாவைச் சூடானுக்கு நாடுகடத்த உத்தரவிட்டார். ரயிலில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஏற்றினார்கள். ரயில் நின்றது. தன்தாவிலிருந்து இன்னொரு எஞ்சினை வரவழைத்து முன்னால் பூட்டினார்கள். இணைப்புச் சங்கிலி அறுந்து பறந்து ஒரு எருமையின் கொம்பை முறித்தது. அதிகாரி அறுந்த சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். நோன்புப் பெருநாள் முடிந்ததும் கெய்ரோவிலிருந்து மேலதிகாரி ஒருவர் இந்த ரயிலைப் பார்க்க வருகிறார் என்றும், அன்று அத்வா உள்ளே இருக்க ரயில் நகராவிட்டால் ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் சூடானுக்கு நடந்தே போக வேண்டியிருக்கும் என்றும் கந்தீலிடம் சொன்னார்.

"அன்னிக்கு அவன் உயிரோட இல்லன்னா?" என்று கந்தீல் கேட்டார்.

"செத்தவனை நான் ஏன் ரயில்ல ஏத்தணும்?" என்றார் அதிகாரி.

அதுவரை ஊர் அத்வாவின் மரணத்துக்குக் காத்திருந்தது. இப்போது அதற்கு ஒரு தேதி கிடைத்தது. பழைய கல், இடிந்த சுவர்க் கல், பக்கத்து ஊர்க் கல் என்று சேர்த்து குவிமாடத்தை நோன்பு மாதத்திலேயே முடித்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசியது. பஹானாவின் வீட்டிலிருந்து பார்த்தால் வேறெதுவும் தெரியவில்லை. பெருநாள் பிற்பகலில் கந்தீல் புது அங்கியோடு அவள் வீட்டுக்கு வந்தார். அத்வா உள்ளறையில் கதவை அடைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வரலாமா மகளே?"

"வாசல்லயே சொல்லுங்க உம்தா."

"நாங்க யாரும் அவரை ஒண்ணும் பண்ண மாட்டோம். எங்க இறைநேசர். எங்க கண்ணு. என் மகனுங்களும் இருக்கானுங்க, ஊர்ல எல்லார் மகனுங்களும் இருக்கானுங்க. அவராப் பார்த்து..." கந்தீல் நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "நாளைக்குக் காலைல சந்தூக்கோட வர்றோம். ஜாத்கிட்ட தண்ணி காய வைக்கச் சொல்லியிருக்கேன். நீ குளிப்பாட்டப் புதுத் துண்டு எடுத்து வை."

"உயிரோட இருக்கறவருக்கா?"

"காலைக்குள்ள அல்லாஹ் இருக்கான் மகளே" என்று சொல்லிவிட்டு, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் வாசலில் கிடந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டார்.

பஹானா பின்வாசல் வழியாக ஜாத்திடம் போனாள். கிழவர் முற்றத்தில் பெரிய செப்புப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகராத சந்தூக்கை நகர்த்த வழி உண்டா என்று கேட்டாள். ஜாத் நிமிரவில்லை.

"உண்டு. பிடிவாதக்கார மையித்துன்னா தூக்கி வச்சுச் சுத்துவோம். கிறுகிறுன்னு சுத்தணும். அவருக்குத் தலை சுத்தி ஊர் எந்தப் பக்கம், கபுறுக் குழி எந்தப் பக்கம்னு தெரியாமப் போயிடும். அப்புறம் எங்க தூக்கிட்டுப் போனாலும் வருவார். எங்க அப்பா காலத்துல ஒரு ஷேக்கை அப்படித்தான் மேலவாசல் வழியா கொண்டுபோனோம். பாவம், நல்ல மனுஷன்."

"ரயிலைச் சுத்த முடியுமா?"

ஜாத் பானை தேய்ப்பதை நிறுத்தினார். "ரயில் தூக்கற சாமானா?" என்றார். பிறகு, "சுத்தினா வழி தெரியாது, தெரியுமில்ல? என்னிக்குமே தெரியாது. எங்க ஷேக் இன்னும் கனவுல வந்து வழி கேக்கறார்."

"உயிரோட இருந்து வழி கேட்டாப் போதும்" என்றாள் பஹானா.

எஞ்சினைத் திருப்புவதற்காக நிலையத்தின் பின்னால் வட்டக் குழி ஒன்று உண்டு. அதனுள் சுழலும் இரும்பு மேடையை ஆட்கள் கையால் தள்ளித் திருப்புவார்கள். எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிவதால் ரயில் தலை திரும்ப அது தேவைப்பட்டது. பிஷாய் எஃபெந்தி அவள் சொன்னதைக் கேட்டு, நெற்றியில் சிலுவையிட்டுக்கொண்டார். அரசாங்க மேடையில் பயணிகள் பெட்டியைச் சுற்ற விதி இல்லை என்றார். நாளைக்கு ரயில் நகராவிட்டால் அவரும் சூடானுக்கு நடப்பாரா என்று பஹானா கேட்டாள். அவர் தன் காலணிகளைப் பார்த்தார். "விடியறதுக்குள்ள அவனைக் கூட்டிட்டு வந்துடு" என்றார்.

காலையில் ஊர் ஆண்கள் காலிச் சந்தூக்கைச் சுமந்துகொண்டு அத்வாவின் வீட்டுக்குப் போனார்கள். குளித்து, வெள்ளை உடுத்தி, மணம் பூசி வந்திருந்தார்கள். வீடு திறந்து கிடந்தது. அவர்கள் கோபப்படவில்லை. சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று தனியாக இரும்பு மேடை மேல் நின்றது. அதன் பலகையில் அத்வா பச்சைத் துணியால் தலைவரை மூடிப் படுத்திருந்தான். உள்ளே பற்களைக் கடித்துக்கொண்டிருந்தான். மேலதிகாரி முந்தைய ரயிலில் வந்து, வட்டார அதிகாரியோடு பிஷாய் எஃபெந்தியின் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பஹானா பெட்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் வருவதைப் பார்த்தாள். எழுந்து, கைப்பிடிச் சேற்றை அள்ளித் தன் தலையில் அப்பிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். உயிரோடு இருக்கும் கணவனுக்கு ஒப்பாரி வைத்தால் அது பலிக்கும் என்று எங்கள் பெண்கள் அஞ்சுவார்கள். அவளும் அஞ்சினாள். குரல் அதனாலேயே உண்மையாக இருந்தது. என் கூரையே, என் ஒட்டகமே, என்னை யாரிடம் விட்டுப் போனாய் என்று அவள் அலறியபோது பெட்டிக்குள் அத்வாவுக்கு உடம்பு குளிர்ந்தது.

கூட்டம் நின்றது. முகங்களில் நிம்மதி பரவியது. கந்தீல் இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். "அவராவே போயிட்டார். நம்ம கையில படாமப் போயிட்டார்" என்றார். பலர் அழுதார்கள்.

"தோள் குடுங்க" என்றாள் பஹானா. "இந்தப் பெட்டிதான் அவரோட சந்தூக். அவரே தேர்ந்தெடுத்தது."

ஜனாஸா கேட்டால் தோள் கொடுக்காமல் நிற்க எங்கள் ஆண்களால் முடியாது. காலிச் சந்தூக்கைக் கீழே வைத்தார்கள். ஜாத் முன்னால் வந்து மேடையின் நீண்ட கம்பைப் பிடித்தார். "பிடிவாதக்காரர். முதல்ல சுத்தணும்" என்றார். அவர் பஹானாவைப் பார்க்கவில்லை. சுற்றினார்கள். இரும்பு மேடை கிறீச்சிட்டது. பிறகு வேகம் பிடித்தது. கலிமா சொல்லிக்கொண்டே சுற்றினார்கள். புழுதி எழும்பியது. குவிமாடம் பெட்டியின் ஒரு சன்னலில் தெரிந்து மறு சன்னலில் தெரிந்து, எல்லாச் சன்னலிலும் தெரிந்தது. பஹானா படிக் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடாமல் இருந்தாள். ஒருவருக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். போதும் என்று ஜாத் கை காட்டியதும், குவிமாடத்துக்கு நேராக இறக்கலாம் என்று பெட்டியைத் தள்ளி வந்தார்கள்; பிஷாய் எஃபெந்தி அதை எஞ்சினோடு கோக்கச் செய்தார். அதிகாரிகள் வந்து முதல் வகுப்பில் ஏறினார்கள். ஓட்டுநர் பிடியைத் தள்ளினார். ரயில் எண்ணெய் போட்டதுபோல் நகர்ந்தது.

நகர்ந்த பிறகுதான் அத்வா துணியை விலக்கிச் சன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தான். கந்தீலுக்கு மிக அருகில் எடுத்தான். கந்தீல் அவன் முகத்தைப் பார்த்தார், உயிருள்ள முகம். ஓடிவந்து சன்னல் கம்பியைப் பிடித்தார். "இறங்குங்க" என்றார். "இறங்குங்க, எங்க கண்ணே, இறங்கிடுங்க." அத்வா அவரை அடையாளம் தெரியாமல் பார்த்து, "அண்ணே, எங்க ஊருக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டான். கந்தீலின் கை கம்பியிலிருந்து நழுவியது.

ரயில் தன்தாவில் நிற்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. ஓடுகிற சந்தூக் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. கரி தீர்ந்த பிறகும் ஓடியது. ஓட்டுநர் ஒரு வைக்கோல் போரில் குதித்தார். வட்டார அதிகாரி வாய்க்காலில் குதித்தார். மேலதிகாரி அவர் மேல் குதித்தார். சேறு வழிய எழுந்த மேலதிகாரி, ரயில் நகர்கிறது, மிக நன்றாகவே நகர்கிறது என்று கெய்ரோவில் தெரிவித்தார். ஊரில் ஒருவரும் சூடானுக்கு அனுப்பப்படவில்லை. சில நாள் கழித்து ரயில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தது. தண்டவாளம் முடிந்த இடத்தில் அது நிற்காமல் பருத்தி வயலில் இறங்கி, ஒரு வட்டம் அடித்து, மறுபடி தண்டவாளத்தில் ஏறிக்கொண்டு போனது. ஒரு செடியும் சாயவில்லை. அடுத்த வருஷம் அரசாங்கம் அது போன தடத்திலேயே தண்டவாளம் போட்டது. பயண முறை ரத்தானது. நிற்காத ரயிலில் யாரையும் கட்டாயப்படுத்தி ஏற்ற முடியவில்லை. வேண்டியவர்கள் கூடவே ஓடி ஏறவும் குதித்து இறங்கவும் பழகிக்கொண்டார்கள். முட்டைக் கூடையோடு குதிக்கும் பெண்கள்கூட இருக்கிறார்கள்.

அத்வாவும் பஹானாவும் அதே பெட்டியில் இருக்கிறார்கள். இருவருக்கும் முடி நரைத்துவிட்டது. வழியோர ஊர்களில் ரொட்டியும் வெங்காயமும் எறிகிறார்கள், அவன் பிடித்துக்கொள்கிறான். வேறு ஊரில் குதித்துவிடலாமே என்று கேட்கிறவர்களிடம், "அங்க எனக்கு என்ன வேலை? எங்க ஊர் வந்ததும் இறங்கிக்கறேன்" என்கிறான். ஊர் பெயர் அவனுக்கு நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. எங்கள் ஊரைக் கடக்கும்போதும் சன்னலில் தலையை நீட்டி, "இது எந்த ஊரு?" என்று கேட்பான். பஹானா தனக்கும் தெரியாது என்பாள். அப்போது அவள் எங்களைப் பார்ப்பாள். அவன் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டுவிட்டால் வழி தெரிந்துவிடும், ரயில் நின்றுவிடும், அவன் இறங்கி வருவான். குவிமாடம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் பச்சைத் துணி விரித்திருக்கிறது. வருஷாவருஷம் மௌலிது நடக்கிறது. சந்தையில் இடம் கிடைப்பதில்லை. அவன் இறங்கினால் தாங்கள் என்ன செய்வோம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் ரயில் வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பேசத் தெரியாத வயதுப் பிள்ளைகளின் வாயைக்கூடப் பொத்துகிறார்கள்.

பிஷாய் எஃபெந்திக்குப் பிறகு வந்த நிலைய அதிகாரி அலெக்சாந்திரியாக்காரர். வந்த முதல் வாரமே, எல்லா நிலையங்களிலும் இருப்பதுபோல இங்கும் ஊர்ப் பெயர் எழுதிய பலகையை மாட்டினார். கந்தீலின் மகன் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "விதின்னா விதி" என்றார் அவர். மறுநாள் ரயில் பருத்தி வயல் வளைவில் திரும்பியது. நடைமேடையில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சன்னலில் நரைத்த தலை ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அது பலகையைப் பார்த்துவிட்டது. அலெக்சாந்திரியாக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் ஓடிப்போய், தன் அரசாங்க மேலங்கியைக் கழற்றிப் பலகையின் மேல் போட்டு, காற்றில் விலகாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் போனது.

பலகை இன்னும் இருக்கிறது. அதற்கென்று அரசாங்கம் வருஷம் ஒரு மேலங்கி அனுப்புகிறது, குளிர்காலத்தில் கம்பளி.